பழி இறால் மேல், குற்றவாளி ஹேர் டை: தோல் அலர்ஜிக்குக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

"ராத்திரி இறால் தொக்கு சாப்பிட்டல்ல, அதான்!"

அம்மாவின் இரண்டு கண்களும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதுதான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை, தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி. இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. இறாலுக்கு வீட்டில் தடை விழுந்தது. சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு மறுபடியும் அதே வீக்கம். இந்த முறை பழி கத்தரிக்காய் மேல். அதற்கடுத்து கருவாடு, பிறகு முட்டை. இரண்டே வருடத்தில் அம்மாவின் தட்டில் ரசமும் பீர்க்கங்காயும்தான் மிச்சம்.

கடைசியாகப் பார்த்த தோல் மருத்துவர் சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. காது மடலுக்குப் பின்னாலும் நெற்றியோரத்திலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா டை எப்பம்மா போட்டீங்க?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு முறையும் வீக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால் தலைக்கு டை. விசேஷம் என்றால் டை. விசேஷம் என்றால் விருந்தும் உண்டு. மாட்டிக்கொண்டது விருந்து.

"பதினஞ்சு வருஷமா அதே பாக்கெட்தானே டாக்டர், இப்ப மட்டும் எப்படி வரும்?" என்று அம்மா கேட்டார். தோல் அலர்ஜி பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது.

இரண்டும் அலர்ஜிதான், ஆனால் நேரக்கணக்கு வேறு

உணவு அலர்ஜி அவசரக்காரன். உடலில் 'ஐஜிஇ' என்ற எதிர்ப்புரதம் ஏற்கெனவே தயாராக இருக்கும். குறிப்பிட்ட உணவு உள்ளே போனதும் செல்களிலிருந்து ஹிஸ்டமின் கொட்டும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காணாக்கடி போலத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று ஏதாவது தெரிந்துவிடும். தடிப்புகள் இடம் மாறி மாறி வரும்; ஒரு இடத்தில் எழும்பிய தடிப்பு பொதுவாக ஒரு நாளைக்குள் தடயமில்லாமல் மறையும்.

தொடு அலர்ஜி நிதானமானது. இங்கே வேலை செய்வது 'டி' செல்கள். பொருள் தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, அரித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வைத்து, பிறகு செதில் உதிரும். வாரக்கணக்கில் நிற்கும். அந்தப் பொருளை எதிரி என்று உடல் முடிவெடுப்பது முதல் முறையே நடக்கலாம், இருபதாவது வருடத்திலும் நடக்கலாம். முடிவெடுத்த பிறகு பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. ஆகவே 'இவ்வளவு நாளா ஒண்ணும் பண்ணலையே' என்பது அந்தப் பொருள் நிரபராதி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

திங்கள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட இறால், செவ்வாய் காலை வரை சும்மா இருந்துவிட்டுக் கண்ணை மட்டும் வீங்க வைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமை போட்ட டைக்கு அது கச்சிதமான நேரம். தலைத் தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். இமைத் தோல் மெல்லியது. அதனால்தான் டை போட்டது தலையில் என்றாலும் வீங்குவது கண்.

முதுகில் ஒட்டும் பிளாஸ்திரி

சந்தேகத்தை உறுதிசெய்ய இருப்பது பேட்ச் டெஸ்ட். 1895-ல் யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சின்னச் சின்னக் குப்பிகளில் நிக்கல், குரோமியம், வாசனைப் பொருட்கள், ரப்பர் ரசாயனங்கள், ஹேர் டையில் இருக்கும் பாராஃபினைலீன்டையமீன் ('பிபிடி') போன்றவற்றை வாஸ்லினில் அளவாகக் கலந்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். இந்தியர்கள் அதிகம் புழங்கும் பொருட்களைக் கொண்டு தயாரான தனித் தொகுப்பே இருக்கிறது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். மறுபடியும் மூன்றாவது அல்லது நான்காவது நாளில் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது பார்வை முக்கியம். 'முதல் நாள் ஒண்ணும் இல்லன்னாங்க' என்று வராமல் இருந்துவிடுகிறவர்கள் நிறைய பேர்.

சொல்வதற்குச் சுலபம். நம் ஊர் மே மாதத்தில் இரண்டு நாள் முதுகை நனைக்காமல், வியர்க்காமல் இருப்பது தவம். வியர்வையில் பிளாஸ்திரி உரிந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிந்தால் மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் படை எதுவும் இருக்கக் கூடாது, ஸ்டீராய்டு களிம்பு தடவியிருக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அது முடிவை மறைத்துவிடும். வழக்கமான அரிப்பு மாத்திரைகள் இந்தச் சோதனையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் உணவுக்குச் செய்யும் ஊசிக்குத்து சோதனைக்கு அதே மாத்திரைகளை ஒரு வாரம் போல நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா? கழுவாமல் விடும் கிரீமை முழங்கை மடிப்பில் சில நாள் தடவிப் பார்ப்பது வேறு விஷயம். சிமென்ட், பினாயில், பூச்சிமருந்து போன்றவற்றை ஒட்டிப் பார்க்கவே கூடாது. புண்ணாகிவிடும், அது அலர்ஜியும் ஆகாது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை வெடிப்பதும் பல நேரம் இந்த வகைதான்: சோப்பின் காரம் தோலை அரிக்கிறது, அவ்வளவே. அதற்கு அலர்ஜி தேடுவதைவிடக் கைக்கு எண்ணெய்ப் பசை தருவது பலன் தரும்.

அம்மாவுக்கு பிபிடி இருந்த இடம் மட்டும் கொப்புளித்திருந்தது. மருத்துவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தவை சில. 'அமோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தால் பிபிடி இல்லை என்று அர்த்தம் இல்லை. 'ஹெர்பல்', 'நேச்சுரல்' என்பதும் அப்படித்தான். மருதாணி இயற்கையில் செம்பழுப்பு நிறம்தான் தரும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் இதே பிபிடிதான் சேர்ந்திருக்கும். திருவிழாவில் பிள்ளைகளின் கையில் அதைப் போட்டுவிடுகிறோம், பத்து வருடம் கழித்து முதல் டையிலேயே முகம் வீங்குகிறது. பிபிடிக்கு அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்குப் பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போகும் மருந்தும் ஒத்துக்கொள்ளாது. பல் மருத்துவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

வேலையா, தோலா?

அம்மாவின் பிரச்சினைக்கு டையை விட்டால் போதும். அதே வராண்டாவில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு அப்படி இல்லை. இரண்டு உள்ளங்கையும் காய்ந்த வயல் மாதிரி வெடித்திருந்தன. "வேலைக்குப் போகாம இருந்தா ஆறிடுது. போனா மறுபடி வந்துடுது. ஆறுறதுக்காக எத்தன நாள் பட்டினி கெடக்குறது?" என்றார்.

காரணம் சிமென்டில் இருக்கும், தண்ணீரில் கரையும் குரோமியம். இதற்குத் தீர்வு மருந்துக் கடையில் இல்லை, ஆலையில் இருக்கிறது. சிமென்டோடு கொஞ்சம் இரும்பு சல்ஃபேட் சேர்த்தால் அந்தக் குரோமியம் தோலில் ஊடுருவாத வடிவத்துக்கு மாறிவிடும். டென்மார்க் 1983-லேயே இதைச் செய்தது. கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமிய அலர்ஜி அங்கே நன்றாகக் குறைந்தது. 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்தது. நம் ஊரில் பொறுப்பு மேஸ்திரியின் கையுறையோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கையுறையிலும் வம்பு உண்டு. தோல் கையுறை பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. ரப்பர் கையுறையில் இருக்கும் ரசாயனங்களே சிலருக்கு அலர்ஜி. உள்ளே பருத்தி, வெளியே நைட்ரைல் என்று போட்டுக்கொள்வது ஓரளவு ஒத்துவரும். உள்ளே ஈரச் சிமென்ட் புகுந்துவிட்டால் போடாமல் இருப்பதே மேல்.

மற்ற சந்தேக நபர்களை, தடிப்பு வரும் இடத்தை வைத்தே பாதி ஊகித்துவிடலாம். காது, கழுத்து, தொப்புளுக்குக் கீழே பட்டன் படும் இடம் என்றால் நிக்கல். கவரிங் நகை போடுகிறவர்களுக்குத் தெரிந்த அரிப்பு. பாதத்தில் 'வி' வடிவம் என்றால் ரப்பர் செருப்பு வார். பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளைத் திட்டோ வந்தால் ஸ்டிக்கரின் பசை. அதை வெண்புள்ளி என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் ஒன்றாகத் தடித்து, ஊருக்கு வெளியே போனால் அதிகமானால் பார்த்தீனியம் செடி. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கையைக் கறுக்க வைப்பது கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய். சேராங்கொட்டையும் மாங்காய்ப் பாலும் அதே குடும்பம்தான், அதே வேலைதான்.

சாப்பாடு எப்போது குற்றவாளி?

இறால், நண்டு, மீன், முட்டை, பால், வேர்க்கடலை, எள், கோதுமை, முந்திரி ஆகியவை நிஜமான உணவு அலர்ஜிக்குப் பேர் போனவை. மருத்துவர் முதலில் பார்ப்பது கதையை: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் வந்தது, ஒவ்வொரு முறையும் வந்ததா? மீனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றிலேயே ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். குழம்பில் கொதித்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். பார்க்க அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். ஆனால் அது கெட்ட மீன். சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று விசாரித்தால் பல நேரம் விடை கிடைத்துவிடும்.

ஆறு வாரத்துக்கு மேல் தினமும் போல வந்து போகும் காணாக்கடிக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அரிது. அப்படிப்பட்டவர்களைத்தான் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் பிடித்துக்கொள்கிறது. அறுபது, நூறு உணவுப் பெயர்கள், பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் அன்றிலிருந்து பயந்தே சாப்பிடுகிறார். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏதாவது ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் இருந்தவர்கள் 26.5 சதவீதம். உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கருதத்தக்கவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. ரத்தத்தில் தெரிவது 'பழக்கம்'; சாப்பிட்டால் தொந்தரவு வருவதுதான் அலர்ஜி. 'ஐஜிஜி' அளவைப் பார்த்து உணவைத் தடைசெய்யும் பரிசோதனையோ, நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத் தவிர உருப்படியாக எதையும் சொல்வதில்லை. அதற்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

கத்தரிக்காய்க்கு நிஜமாகவே அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படை வந்த எல்லோருக்கும் கத்தரிக்காய், கருவாடு, முட்டை மூன்றையும் நிறுத்துவது வேறு. கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இப்படிப் பத்தியம் வைத்து இருவரும் மெலிந்துபோவதுதான் இதில் மோசமான விளைவு. இன்று மருத்துவம் எதிர்த் திசையில் போகிறது: லண்டனில் நடந்து 2015-ல் வெளியான 'லீப்' ஆய்வில், கடுமையான கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி இருந்த குழந்தைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், ஒரு வயதுக்கு முன்பே வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கியதில், ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி பெருமளவு குறைந்திருந்தது.

சந்தேகம் தீராதபோது கடைசித் தீர்ப்பு, மருத்துவமனையில் வைத்து அந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது. இதையும் வீட்டில் செய்யக் கூடாது. தடிப்போடு குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ அது அனாஃபிலாக்ஸிஸ். அரிப்பு மாத்திரை போட்டுக் காத்திருக்கும் நேரம் அது இல்லை. காலை உயர்த்திப் படுக்க வைத்து (மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைத்து) 108-ஐக் கூப்பிடுங்கள். உயிரைக் காப்பாற்றுவது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி.

இன்னொன்று, களிம்பு. அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் அற்புதமாகக் கேட்கும். படர்தாமரை மேல் தடவினால் உள்ளே பரவும். முகத்தில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். 2018-லேயே பல ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குப் போய்விட்டன. கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் சீட்டோடு போங்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை அதே மருந்து நல்ல மருந்துதான்.

தோல் மருத்துவரிடம் போகும்போது பயன்படுத்தும் சோப்பு, டை, தைலம், களிம்பு எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தடிப்பு போனில் படமாக இருக்கட்டும். காணாக்கடி டாக்டரைப் பார்த்ததும் மறைந்துவிடும் குணம் கொண்டது. பேட்ச் டெஸ்ட் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

அம்மா இறாலுக்கு ஊசிக்குத்து சோதனை செய்துகொண்டார், ஒன்றும் இல்லை. மருத்துவர் முன்னிலையில் சாப்பிட்டும் பார்த்தாயிற்று. இப்போது தலை வெள்ளையாக இருக்கிறது. பர்ஸில் 'பாராஃபினைலீன்டையமீன்' என்று எழுதிய துண்டுச் சீட்டு இருக்கிறது. அவரால் அந்தப் பெயரை இன்னும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பார்லரில் சீட்டை அப்படியே நீட்டிவிடுகிறார்.