திங்கட்கிழமை மனுவும் 30-ஆவது நாளும்

வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை என்று ஊர் மாறுகிறதே தவிர, வரும் கடிதங்களின் சாரம் மாறவில்லை. "விசாரிக்க வந்த மேடம் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அறிக்கை எழுதிவிட்டார். பிள்ளையை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது."

அந்த ஒன்றரை மாதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொல்லும் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போக, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 101-இல் தரும் அவகாசம் 30 நாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு அந்தக் கணக்கை நிறுத்தாது. நடந்துகொண்ட விதம் பற்றிய புகார் ஒரு வழி. உத்தரவை எதிர்ப்பது வேறு வழி. ரசீதை மடித்து வைத்துக்கொண்டு முதல் வழியில் காத்திருப்பவருக்கு இரண்டாவது வழி அடைபட்டுப் போகிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம். ஏற்கும் என்று சட்டம் சொல்லவில்லை.

சரி, புகார் வழியைப் பார்ப்போம். குழுவின் மீதான புகாருக்கு மாவட்ட ஆட்சியர்தான் 'குறைதீர் அதிகாரி' என்கிறது பிரிவு 27(10). அரசு மொழியில் அப்படி. பழக்கத்தில், மனுவை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர். 2021-இல் வந்த திருத்தம் இங்கே ஒரு வரியைச் சேர்த்தது: தரப்பினரைக் கேட்ட பிறகே ஆட்சியர் உத்தரவு போட வேண்டும். சின்ன வரிதான், ஆனால் கெட்டிக்கார வரி. மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 27(10)-இன் கீழ்" என்று எழுதிவிட்டால், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை மனுக்களின் கட்டோடு அதைச் சேர்த்து அனுப்பிவிட முடியாது. உங்களை அழைத்துக் கேட்டாக வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையேகூடக் கொடுக்கலாம்.

ஆனால் அந்த வரி காப்பது குழுவின் மீதான புகாரை மட்டும். கடிதம் எழுதுபவர்களின் கோபமோ வீட்டுக்கு வந்தவர் மீது. அவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர். பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. நலக்குழுவினர் ஐந்து பேரும் பிள்ளையைப் பற்றித் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். தீர்மானிப்பவர்களைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. எழுதிக் கொடுத்தவரைக் கேட்க அந்த வாசல் இல்லை. அவர் வேலை பார்க்கும் அலகும் ஆட்சியரின் மேற்பார்வையில்தான் இயங்குகிறது. எனவே மனு ஆட்சியரிடமிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும், அங்கிருந்து 'விளக்கம் கேட்டு' யார் மீது புகாரோ அவருக்குமே இறங்கும். அவர் எழுதும் பத்து வரி அதே படிகளில் ஏறி, பதிலாக உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

அறிக்கையைக் காட்டச் சொன்னால் "ரகசியம்" என்பார்கள். பிரிவு 99 அப்படித்தான் சொல்கிறது. அதே பிரிவின் பின்பாதி, அறிக்கையின் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தெரிவித்து, சான்று கொடுக்க வாய்ப்பளிக்கவும் குழுவுக்கு அனுமதி தருகிறது. பின்பாதியை அலுவலகத்தில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் ஒரே கூரைக்குள் சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிகாரின் முசாஃபர்பூர் இருக்கிறது. அங்கே சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமையை 2018-இல் வெளியே கொண்டுவந்தது டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கை, அதாவது வெளியாட்கள். 2020-இல் டெல்லி நீதிமன்றம் தண்டித்தவர்களில் அந்த மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் தலைவராக இருந்தவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தவரும் உண்டு. அந்த இல்லத்துச் சிறுமி ஒருத்தி புகார் எழுதியிருந்தால், அது போய்ச் சேர்ந்திருக்கும் மேசைகள் அவர்களுடையவை.

மற்ற கேள்விகள்.

இல்லத்து ஊழியர் பிள்ளையை அடித்தால்? மனு வேண்டாம், காவல் நிலையம் போங்கள். பிரிவு 75, 5 ஆண்டு வரை சிறை.

குழு உறுப்பினரை ஆட்சியர் நீக்கலாமா? முடியாது, விசாரணைக்குப் பின் மாநில அரசு நீக்கலாம்.

நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய முடிவு என்றால்? மேல்முறையீடும் ஆட்சியரிடமே (ஆம், மறுபடியும் அவர்தான்).

மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம்? விசாரிக்கும், பரிந்துரைக்கும், தண்டிக்காது.

வக்கீல் செலவு? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100.

30 நாள் எப்போது தொடங்குகிறது? உத்தரவின் தேதியிலிருந்து என்கிறது சட்டம். நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.