பிக்கிள்பாலும் மட்டை வரிசையும்: யார் யாரோடு ஆடுவது?

பிக்கிள்பால் ஆடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "ஒரே நாள்ல கத்துக்கலாம், யார் வேணும்னாலும் யார்கூட வேணும்னாலும் ஆடலாம்." முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் நோண்டிப் பார்க்கப் போகிறேன். நான் சியாட்டிலுக்குக் கிழக்கே ஓர் ஊரில் இருக்கிறேன். எங்கள் பூங்காவில் நான்கு ஆடுகளங்கள். கோடைக்கால மாலைகளில் சர்வசாதாரணமாக 25, 30 பேர் வந்துவிடுவார்கள். மட்டையை அன்றுதான் வாங்கியவரும் இருப்பார், வார இறுதியில் போட்டிகளுக்குப் போகிறவரும் இருப்பார். இத்தனை பேரும் ஒரே வேலிக்குள் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்த விளையாட்டு பிறந்ததே கலவையான கூட்டத்துக்காகத்தான். சியாட்டிலிலிருந்து படகில் 35 நிமிடத்தில் போய்விடக்கூடிய பெயின்பிரிட்ஜ் தீவில், 1965 கோடையில், ஜோயல் பிரிட்சர்ட் வீட்டில் பொழுது போகாமல் இருந்த குடும்பத்துக்காக அவரும் நண்பர் பில் பெல்லும் சேர்ந்து உண்டாக்கியது. வீட்டில் ஒரு பழைய பேட்மின்டன் ஆடுகளம் இருந்தது, அதற்கான சாமான்கள் முழுசாக இல்லை. கைக்குக் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, கீழே இறக்கிக் கட்டிய வலை. பிறகு பார்னி மெக்கல்லம் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக ஆட வேண்டும் என்பதுதான் முதல் தேவை. (இந்த பிரிட்சர்ட் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் வாஷிங்டன் மாநிலத்தின் துணை ஆளுநராகவும் இருந்தவர். 2022இல் அந்த மாநிலம் பிக்கிள்பாலைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது.)

பெயர்க் காரணமும் இதற்குப் பொருந்தி வருகிறது. குடும்பத்து நாயின் பெயரான பிக்கிள்ஸைத்தான் விளையாட்டுக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த நாயே 1968இல்தான் வந்தது, விளையாட்டின் பெயரைத்தான் நாய்க்கு வைத்தோம் என்கிறார்கள் பிரிட்சர்ட் குடும்பத்தார். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. துடுப்புப் படகுப் போட்டிகளில், மற்ற படகுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போக மிச்சமிருப்பவர்களை ஒன்று சேர்த்து ஓட்டும் படகுக்கு 'பிக்கிள் போட்' என்று பெயர். ஜோயலின் மனைவி ஜோன் அதிலிருந்து எடுத்த பெயர்தான் இது. எங்கள் பூங்காவில் செவ்வாய்க்கிழமை மாலை நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் படகுக் கதைதான் சரி என்று படுகிறது.

சரி, விதிகளுக்கு வருவோம். களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். டென்னிஸ் இரட்டையர் களத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் 70 வயதுக்காரரும் ஓடி எடுத்துவிடலாம். ஸர்வ் கீழிருந்து மேலாகத்தான் அடிக்க வேண்டும், எனவே ஸர்வ் அடித்தே யாரும் ஆட்டத்தை முடித்துவிட முடியாது. ஸர்வும் அதற்கான பதிலடியும் கட்டாயம் ஒரு தடவை தரையில் பட்ட பிறகே எடுக்கப்பட வேண்டும். கடைசியாக, வலைக்கு இரு பக்கமும் 7 அடி வரை 'கிச்சன்'. அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. உயரமான ஆள் வலையோரம் நின்று தலையில் அறைந்து தள்ளும் வேலை அங்கேயே அடைபட்டுப் போகிறது.

இந்த நான்கும் சேர்ந்து செய்வது ஒன்றுதான்: ராலி நீள்கிறது. டென்னிஸில் நல்ல ஆட்டக்காரர் ஸர்வ் போட்டால் புதியவருக்குப் பந்தைத் தொடவே வாய்ப்பு வராது. இங்கே நாலைந்து தடவையாவது பந்து அவர் மட்டையில் படும். "நானும் ஆடினேன்" என்ற திருப்தி வரும். யார் வேணும்னாலும் யார்கூட வேணும்னாலும் என்ற வசனம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் ராலி சமமாகத் தெரிவதும் ஆட்டம் சமமாக இருப்பதும் வேறு வேறு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எளிமைக்காக, ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி, 11 எடுத்தால் வெற்றி, குறைந்தது 2 புள்ளி முன்னிலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி ஒரு ராலியை வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்றால் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 69 சதவீதம். 60 என்றால் 84. 70 என்றால் 98. பத்து ராலியில் மூன்றை எதிரணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பார்ப்பவர்களுக்கு அது ஓரளவு நல்ல ஆட்டமாகவே தெரியும். முடிவு மட்டும் ஐம்பதில் ஒரு தடவைதான் மாறும். ஸர்வ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறைதான் பூங்காக்களில் இன்றும் அதிகம். அதில் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆக, விதிகள் ராலியைத்தான் காப்பாற்றுகின்றன. ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டியது வேலியோரம் இருக்கும் அந்த மட்டை ரேக்.

பூங்காக்களில் 'ஓபன் ப்ளே' என்றால் முன்பதிவு கிடையாது. வந்தவுடன் உங்கள் மட்டையை ரேக்கில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரு களம் காலியானால் முதல் நான்கு மட்டைக்காரர்கள் உள்ளே போவார்கள். முடிந்த ஆட்டத்தின் நால்வரும் வெளியே வந்து மட்டையை வரிசையின் கடைசியில் வைப்பார்கள். இது ஒரு முறை. வென்ற இருவர் உள்ளேயே நிற்க, தோற்ற இருவர் மட்டும் வெளியே வருவது இன்னொரு முறை. கேட்டால் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நம்ம ஆபீஸில் க்யூ கணக்குப் போடுகிறவர்களுக்கு உடனே பொறி தட்டும்.

28 பேர், 4 களம், ஆட்டத்துக்கு 15 நிமிடம் என்று வைப்போம். உள்ளே 16, வெளியே 12. நான்கு களங்கள் என்பதால் சராசரியாக 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஆட்டம் முடியும். நால்வரும் வெளியே வரும் முறையில், வரிசையின் கடைசி ஆளுக்கு மூன்று ஆட்டம் முடிந்தால் போதும்: சுமார் 11 நிமிடக் காத்திருப்பு. வென்றவர் நிற்கும் முறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு இடம்தான் காலியாகும், எனவே ஆறு ஆட்டம் முடிய வேண்டும்: 22 நிமிடம். முதல் முறையில் எல்லாருக்கும் நேரத்தில் 57 சதவீதம் ஆட்டம். இரண்டாவதில், எப்போதும் தோற்கிற ஆளுக்கு 40 சதவீதம். 84 சதவீதம் வெல்கிற ஜோடியோ சராசரியாக ஆறு ஆட்டம் தொடர்ந்து உள்ளேயே இருக்கும், அதாவது ஒன்றரை மணி நேரம்! பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர் பெஞ்சில், யாருக்குத் தேவை குறைவோ அவர் களத்தில்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் வந்திருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மகனோடு மாலைகளில் வருவார். சுடிதாரும் ஸ்போர்ட்ஸ் ஷூவும். நல்ல கை, இளவயதில் பேட்மின்டன் ஆடியவர். மூன்றாவது வாரம் ஆளைக் காணோம். மளிகைக் கடையில் பார்த்துக் கேட்டேன். "அங்க வந்தா உக்காந்தேதான் இருக்கணும் தம்பி. உக்காந்திருக்கறதுக்கு வீட்டு சோபாவே நல்லா இருக்குதே" என்றார். அந்த மாதம் எங்கள் பூங்காவில் வென்றவர் நிற்கும் முறைதான் நடந்துகொண்டிருந்தது. யாரும் அவரை "வராதீங்க" என்று சொல்லவில்லை. ரேக் சொல்லிவிட்டது.

அப்படியானால் தரம் பார்த்துக் களங்களைப் பிரித்துவிடலாமே என்பார்கள். பல இடங்களில் செய்கிறார்கள்: இது புதியவர்களுக்கு, இது 3.0, அது 3.5க்கு மேல். இதில் இரண்டு சிக்கல். முதலாவது, பொது வரிசையை நான்கு துண்டாக்கினால் ஒரு களத்தில் மூன்று பேர் நாலாவது ஆளுக்குக் காத்திருக்க, பக்கத்துக் களத்தில் எட்டு பேர் வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது, தரத்தை யார் சொல்வது? டியூபிஆர் மாதிரியான முறைகள் ஆட்ட முடிவுகளை வைத்து 2 முதல் 8 வரை ஒரு எண் தருகின்றன. போட்டி ஆடாதவரிடம் அந்த எண்ணே இருக்காது, தானாகச் சொல்வதுதான். தன்னைத் தானே மதிப்பிடச் சொன்னால் மனுஷன் எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்லவா வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஏறி இறங்கும் முறை. களங்களுக்கு 1 முதல் 4 வரை எண். 12 நிமிடத்துக்கு ஒரு விசில். அப்போது முன்னிலையில் இருக்கும் இருவரும் ஒரு களம் மேலே, மற்ற இருவரும் ஒரு களம் கீழே. போய்ச் சேர்ந்த இடத்தில் ஜோடியைப் பிரித்து, புதிய ஜோடி. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது என்னவென்று தெரிந்திருக்கும், பபிள் சார்ட்டின் தம்பி. நான்கைந்து சுற்றில் ஆட்கள் ஏறத்தாழத் தம் இடத்துக்கு வந்துவிடுவார்கள், யாரும் யாரையும் பார்த்து "நீ 2.5" என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதையே இரண்டு மணி நேரமும் நடத்தினால் கடைசிக் களத்துக்காரர் கடைசிக் களத்திலேயே கிடப்பார். முதல் ஒரு மணி நேரம் ஏறி இறங்கி, அடுத்த மணி நேரம் ரேக் வரிசைப்படி கலந்து ஆடுவது என் தேர்வு.

கலந்து ஆடும்போது ஜோடி சேர்ப்பதில் எல்லாரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. 4.0, 3.5, 3.0, 2.5 என்று நான்கு பேர் என்றால், முதலும் கடைசியும் ஒரு பக்கம், நடு இருவர் மறுபக்கம். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை 6.5. பேப்பரில் பிரமாதம். களத்தில் ஏன் கோணலாகிறது? ஏனென்றால் பந்து யாரிடம் போகிறது என்பதை எதிரணிதான் தீர்மானிக்கிறது. பத்தில் ஏழு பந்து பலவீனமானவருக்கே போகிறது என்று வைத்தால், முதல் ஜோடியின் உண்மையான பலம் 2.95, இரண்டாம் ஜோடியுடையது 3.15. ஜெயிக்க வேண்டுமென்று 4.0 ஆட்டக்காரர் குறுக்கே பாய்ந்து பார்ட்னர் பந்தையும் எடுப்பார். 2.5 ஆட்டக்காரர் களத்துக்குள் நிற்கும் பார்வையாளர் ஆகிவிடுவார். இரண்டு பேருக்கும் கடுப்பு.

இதைச் சரிசெய்ய விதி எழுத முடியாது, பழக்கம்தான் வேண்டும். அதிர்ஷ்டவசமாக இந்த விளையாட்டின் கஷ்டமான பகுதி மெதுவான அடிகளில் இருக்கிறது. ஸர்வ் போடும் அணி, இரண்டு பவுன்ஸ் விதியால் பின்னால் மாட்டிக்கொள்கிறது. எதிரணியோ கிச்சன் கோட்டுக்கு வந்தாகிவிட்டது. அப்போது மூன்றாவது அடியை, எதிரணியின் கிச்சனுக்குள் பூப்போல விழும்படி போட்டுவிட்டு முன்னேற வேண்டும். இந்த 'தேர்ட் ஷாட் டிராப்' வருடக்கணக்கில் பழக வேண்டிய சமாசாரம். பந்து விழும் இடம்தான் முக்கியம் என்பதால் எதிரில் நிற்பவர் எந்தத் தரமாக இருந்தாலும் இதைப் பழகலாம். எங்கள் ஊரில் நன்றாக ஆடும் சிலர் கலந்த ஆட்டங்களில் தாங்களாகவே வரம்பு போட்டுக்கொள்கிறார்கள்: இன்றைக்கு டிராப் மட்டும், வேக அடி எதிரணியின் பலமானவருக்கு மட்டும், தூக்கிக் கொடுத்த பந்தை அறையாமல் கிச்சனுக்குள் இறக்கிவிடுவது.

கடைசியாகச் சொன்னதில் கண்ணும் அடக்கம். கெட்டியான பிளாஸ்டிக் பந்து அது. எதிரெதிர் கிச்சன் கோடுகளுக்கு நடுவே 14 அடிதான். புதியவர் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து முகத்துக்கு வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டுக்கென்றே விற்கும் உடையாத கண்ணாடி.

அதேசமயம், புதியவரைப் பீங்கான் ஜாடி மாதிரி நடத்துவதும் சரியில்லை. எல்லாப் பந்தையும் விட்டுக்கொடுத்தால் அவருக்கே தெரிந்துவிடும். அந்த மாதிரி ஆட்டங்களுக்கு ஆரம்பப் புள்ளி கொடுத்துவிடுவது எனக்கு நேர்மையாகப் படுகிறது: பலவீனமான ஜோடிக்கு 4க்கு 0 என்று ஆரம்பியுங்கள், பிறகு இருவரும் முழுசாக ஆடுங்கள். 60க்கு 40 என்ற நிலையில் 4 புள்ளி கொடுத்தால் ஆட்டம் ஏறத்தாழச் சமத்துக்கு வருகிறது, போட்டுப் பாருங்கள். 70க்கு 30 என்றால் 4 போதாது, அங்கே ஜோடியைத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் பூங்காவில் இப்போது ரேக்கில் ஒரு அட்டை தொங்குகிறது: 16 பேருக்குள் என்றால் இஷ்டம் போல ஆடலாம், 16ஐத் தாண்டினால் நால்வரும் வெளியே. வென்றவர் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாலாம் களத்தை ஞாயிறு காலை மட்டும் விட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாங்கிய மட்டையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போனாராம், மகன் சொன்னார்.