ஒரே வருஷம், 3 படம், 3 வேற வேற பெண்கள்... சவுகார் ஜானகி வெறும் 'அழுகை நாயகி'தானா?

சவுகார் ஜானகி பெயரை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "அந்தம்மாவா? படம் முழுக்க அழுதுக்கிட்டே இருப்பாங்களே!" என்பார்கள். அதையே 'தில்லு முல்லு' பார்த்து வளர்ந்தவர்களிடம் சொன்னால், "ரஜினிக்கு அம்மாவா நடிச்சு தேங்காய் சீனிவாசனை ஏமாத்துவாங்களே, அவங்கதானே?" என்று சிரிப்பார்கள். ரெண்டு பேரும் சொல்வது ஒரே ஆளைத்தான். ஆனால் ரெண்டு பதிலும் ஒருவரைப் பற்றியது போலவே இல்லையே, அது எப்படி?

'சவுகார்' எங்கிருந்து வந்தது?

ராஜமுந்திரியில் 1931-ல் பிறந்த ஜானகி, முதலில் வானொலிக் குரல். சின்ன வயதிலேயே சென்னை வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இயக்குநர் பி.என்.ரெட்டி சினிமாவுக்கு அழைத்தார். வீட்டில் சம்மதிக்கவில்லை, கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பிறகு குடும்பச் சூழ்நிலை காரணமாக அவரே வாய்ப்புக் கேட்டுப் போனபோது, அவர் கையில் குழந்தை.

கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் மார்க்கெட் போச்சு என்று பேசிய துறையில், குழந்தை பெற்ற பிறகு ஒருவர் கதாநாயகியாக நுழைந்தார் என்பதை நிறுத்தி ஒருமுறை யோசிக்க வேண்டும். 1950-ல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில் விஜயா புரொடக்‌ஷன்ஸ் எடுத்த 'ஷாவுகாரு' என்ற தெலுங்குப் படம்தான் அறிமுகம். ஜோடி என்.டி.ராமாராவ். வேடிக்கை என்னவென்றால், கதைப்படி சவுகார் என்பவர் வட்டிக்குப் பணம் கொடுக்கும் கதாநாயகனின் அப்பா! பட்டம் மட்டும் கதாநாயகியோடு ஒட்டிக்கொண்டது. 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வளையாபதி' மூலம் தமிழுக்கு வந்தார்.

அழுகை முத்திரை விழுந்தது எப்படி?

'படிக்காத மேதை'யில் சிவாஜிக்கு ஏற்ற பொறுமையான மனைவி. 'பாக்கியலட்சுமி'யில் இளம் விதவை. இரண்டும் ஓடின. ஓடிய வேஷத்தையே திரும்பக் கொடுப்பது கோடம்பாக்கத்தின் பழைய பழக்கம். கஷ்டப்படுகிற பெண்ணா, கூப்பிடு ஜானகியை என்றாகிவிட்டது.

முத்திரையில் முதல் விரிசல் 1964-ல் 'புதிய பறவை'யில் விழுந்தது. இதில் அவர் கிளப்பில் பாடும் சித்ரா. சரோஜாதேவிதான் கதாநாயகி, ஆனால் படத்தின் மர்மம் முழுக்க சித்ராவைச் சுற்றித்தான். கணவனை மதிக்காத, அலட்சியமாகச் சிரிக்கிற ஒரு பெண்ணாக, அழுகைக்காரி என்று பெயர் வாங்கியவர் வந்து நின்றார். (முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. 60 வருஷம் ஆனாலும் ஸ்பாய்லர் ஸ்பாய்லர்தான்!)

1968-ஐ மட்டும் எடுத்துப் பார்ப்போம்

நம் கேள்விக்கான பதில் இந்த ஒரு வருஷத்திலேயே இருக்கிறது.

எம்.ஜி.ஆரின் 100-வது படமான 'ஒளிவிளக்கு'. அதில் ஜானகி ஆதரவற்ற விதவை. தீயில் சிக்கிக் காயப்பட்டுக் கிடக்கும் எம்.ஜி.ஆருக்காக அவர் கடவுளிடம் மன்றாடும் பாட்டு ஒன்று வரும். 16 வருஷம் கழித்து, 1984-ல் எம்.ஜி.ஆர் நிஜமாகவே உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அந்தப் பாட்டுதான் ஓடியது. ஜானகி திரையில் கும்பிட, மக்கள் கீழே உட்கார்ந்து கும்பிட்டார்கள்.

அதே வருஷம் ஏவி.எம்-மின் 'உயர்ந்த மனிதன்'. இங்கே சிவாஜியின் பணக்கார மனைவி. அன்பும் உண்டு, அதிகாரமும் உண்டு. குழந்தை இல்லாத வருத்தம் கோபமாக வெளியே வரும்.

அதே வருஷம்தான் 'எதிர் நீச்சல்' பட்டு மாமியும்! ஒண்டுக்குடித்தனத்தில் கிட்டு மாமா ஸ்ரீகாந்தோடு மல்லுக்கட்டும் மாமி. பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டி கணவரைக் குத்தும் அந்தப் பாட்டில் அவருடைய கழுத்து வெட்டையும் கண்ணையும் மட்டும் பாருங்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

பாலசந்தர் அவருக்கு எழுதியது இது ஒன்றல்ல. தன் முதல் படமான 'நீர்க்குமிழி'யிலேயே (1965) டாக்டராக்கினார். 'பாமா விஜய'த்தில் (1967) ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் மூத்த மருமகளாக்கினார்.

கலெக்டர் நாற்காலி

1969-ல் வந்தது 'இரு கோடுகள்'. மாமியாரால் பிரிக்கப்பட்ட முதல் மனைவி, படித்து கலெக்டராகிறாள். அவள் மாற்றலாகி வரும் அலுவலகத்தில் கணவன் கிளார்க். அவனுக்கு வீட்டில் இன்னொரு மனைவி. கதையைக் கேட்டால் அழுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் ஜானகி அழுகையை அடக்குவதைத்தான் நடித்தார். ஜெமினி ஃபைலோடு எதிரில் நிற்கும் இடங்களில் அவர் குரல் ஏறாது, இறங்காது. மேலதிகாரியாகப் பேசி முடித்துவிட்டு அரை நொடி பார்ப்பார், அவ்வளவுதான். அந்த வானொலிக் குரலின் பயிற்சி இங்கேதான் முழுதாகத் தெரிகிறது என்பேன்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது 'இரு கோடுகள்'. கலெக்டர் பெண்ணாக இருக்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்த காலம் அது.

அடுத்த வருஷமே அவர் தயாரிப்பாளரும் ஆனார். இந்தி 'மம்தா'வைத் தழுவிய 'காவியத் தலைவி'யில் அம்மா, மகள் ரெண்டு வேஷமும் அவரே. நல்ல ரோல் வரும் என்று காத்திருக்காமல், சொந்தப் பணத்தைப் போட்டு உருவாக்கிக்கொண்டார்.

அப்புறம் அந்த மீனாட்சி

1981 'தில்லு முல்லு'. மீனாட்சி துரைசாமி நாகரிகமான பணக்காரப் பெண்மணி, நடிப்பு ஆசை வேறு. ரஜினியின் பொய்யைக் காப்பாற்ற, பழைய காலத்து அம்மாவாக வேஷம் போட வருவார். சோகமான அம்மாக்களை அத்தனை படத்தில் நடித்தவர், இங்கே சோகமான அம்மாவாக நடிக்கத் தெரிந்த ஒரு ஜாலியான பெண்ணாக நடிக்கிறார். தன் மேல் விழுந்த முத்திரையைத் தானே கிண்டல் செய்வது மாதிரிதான் அது. படம் பார்க்கும் நமக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

2020-ல் சந்தானத்தின் 'பிஸ்கோத்' படத்திலும் பாட்டியாக வந்தார். அது அவருடைய 400-வது படம் என்று அறிவித்தார்கள். பத்மஸ்ரீ கிடைத்தது 2022-ல், 90 வயதில்.

இந்த வார இறுதியில் நேரம் இருந்தால் 'எதிர் நீச்ச'லையும் 'இரு கோடுக'ளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. பட்டு மாமியும் கலெக்டரும் ஒருத்தர்தான் என்று தெரியாதவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.