மாற்று முழங்காலும் முதியோரின் அன்றாட வாழ்வும்

எமது சங்கக் கூட்டங்களிலே கைப்பிடியுள்ள நாற்காலிகளை நாடுவோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. ஒரு காலத்தில் மைதானத்தில் ஓடியாடிய கால்கள் இன்று பஸ்ஸின் முதற்படியைக் கண்டு தயங்குகின்றன. முழங்காலை மாற்றிக்கொண்டோர் எம்மிடையே உளர். மாற்றலாமா விடலாமா என்று கலங்குவோர் அவரினும் பலர். இரு சாராரும் கேட்கும் வினா ஒன்றே: ‘பிறகு பழையபடி நடமாட இயலுமா?’

முழங்காலை மாற்றுதல் என்னுஞ் சொல் சிறிது மயக்கந் தருவது. தேய்ந்துபோன கசியிழையத்தையும் அதனடியிலுள்ள என்பின் மெல்லிய படையையும் செதுக்கி நீக்கி, தொடையென்பின் முனைக்கு உலோகக் கவசமும், கீழ்க்கால் என்பின் தலைக்கு உலோகத் தட்டும் பொருத்தி, இரண்டுக்குமிடையே பொலியெதிலீன் துண்டொன்றை வைப்பதே அச்சத்திர சிகிச்சை. இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு மூலமாய அமைப்பு 1974 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே பயன்படலாயிற்று. அதனை வகுத்த இன்சால், றனாவத், வாக்கர் என்போருள் றனாவத் இந்தியாவிற் பிறந்தவர். இந்தியப் பிரதமர் வாஜ்பாயியின் இடது முழங்காலை 2000 ஒக்டோபரிலும், வலது முழங்காலை 2001 ஜூனிலும் மும்பையிலே மாற்றியவர் அவரே. இரண்டாஞ் சிகிச்சை முடிந்து ஆறு வாரங் கழியுமுன் வாஜ்பாய் ஆக்ராவில் முஷாரப்புடன் மகாநாடு நடத்தினார். பிரதமருக்கு வாய்த்த பணியாளர் படை வெள்ளவத்தை ஓய்வூதியகாரருக்கு வாய்ப்பதில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

புதிய முழங்கால் எதைத் தரும், எதைத் தராது என்பதைப் பாகைக் கணக்கிற் கூறலாம். சமநிலத்தில் நடப்பதற்கு முழங்கால் ஏறக்குறைய 70 பாகை மடிந்தாற் போதும். படிகளில் ஏறியிறங்க 100 பாகை வரையும், நாற்காலியிலிருந்து எழ அதற்குச் சற்று மேலும் வேண்டும். சிகிச்சை பெற்றோரிற் பெரும்பாலார் 110 முதல் 120 பாகை வரை மடக்க வல்லவராகின்றனர். ஆகவே நடையும் படியும் நாற்காலியும் கைகூடுகின்றன. குந்தியிருத்தலோ 130 பாகைக்கு மேல் வேண்டுவது. நிலத்திற் சப்பாணி கட்டி இருத்தலும் பெரும்பாலும் கைகூடாது. மேனாட்டார் வெற்றியென்று கொள்ளும் முழங்கால், பந்தியில் இலைமுன் அமர உதவாமற் போகலாம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றளத்தில் இருந்து தேவாரம் கேட்டுப் பழகியவருக்கு இது சிறிய இழப்பன்று. ஐவரில் ஒருவர் அளவினர் சிகிச்சையின் பின்னும் மனநிறைவு அடைவதில்லை என ஆய்வுகள் கூறும். நிறைவேறாத எதிர்பார்ப்பு அதற்கு முக்கியமானதொரு காரணம். இதனைச் சத்திரவைத்தியரிடம் முன்கூட்டியே வாய்திறந்து கேட்டறிதல் நன்று. சிகிச்சைக்கு முன் எவ்வளவு மடிந்ததோ, அதுவே பின்னர் மடியும் அளவையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. கால் முற்றும் விறைக்கும்வரை பொறுத்திருத்தலும் அறிவுடைமை ஆகாது.

இனி வீடு திரும்பிய நாள்களைப் பார்ப்போம். முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் வலு பாதிக்கு மேல் குன்றிவிடுகின்றது. கால் தளர்வதும், எழும்போது உடல் மற்றப் பக்கஞ் சாய்வதும் இதனாலேயே. உலோகம் பிழைத்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை, பயிற்சியே மருந்து. மடக்குதலிற் கருத்தைச் செலுத்துவோர் நேராக நீட்டுதலை மறந்துவிடுகின்றனர். வீட்டார் அன்பினால் முழங்காலின் கீழே தலையணை வைப்பர். அது சுகமாயிருக்கும், ஆனால் கால் வளைந்தபடியே இறுகிவிடும். தலையணை குதிக்காலின் கீழேயே இருத்தல் வேண்டும். படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலையும் முதலில் வைத்தல் வேண்டும். தொடர்மாடிகளில் மின்தூக்கி நின்றுபோகும் நாளில் இவ்விதியின் அருமை விளங்கும். கெண்டைக்காலில் புதிய வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல், தழும்பினின்று நீர் கசிதல் ஆகியன தோன்றின் பயிற்சியை நிறுத்தி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

இவற்றினும் பெரிதாக யான் கருதுவது வேறொன்று. வலி நீங்கியதும் மனிதர் தாமாகவே நடக்கத் தொடங்குவர் என்று எண்ணுகிறோம். அவ்வாறு நிகழ்வதில்லை. சிகிச்சைக்கு முன்னும் அரையாண்டின் பின்னும் நாளொன்றுக்கு வைத்த அடிகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர், வலி பெரிதும் தணிந்திருப்பினும் நடை அவ்வளவாகக் கூடவில்லை என்று கண்டனர். பத்தாண்டு வலியோடு இருந்தவர் சந்தைக்குப் போவதை விட்டார். பின்னர் கோயிலை விட்டார். ஈற்றிலே மாடியை விட்டு இறங்குவதையே விட்டார். மாற்றப்பட்டது முழங்கால், பழக்கம் மாற்றப்படவில்லை. மக்களும் மருமக்களும், “நீங்கள் இருங்கோ அப்பா, நான் எடுத்துத் தாறன்” என்று தண்ணீர்க் குவளையையும் கையில் நீட்டுகின்றனர். அன்புதான், எனினும் சமையலறைக்குப் போய்வரும் பத்து அடிகள் அங்கே பறிபோகின்றன. ‘நடந்தால் உலோகம் தேயுமே’ என்னும் அச்சமும் சிலரை இருத்திவிடுகின்றது. பல நாட்டுப் பதிவேடுகளின்படி, பொருத்தப்பட்ட முழங்கால்கள் பத்தில் எட்டு இருபத்தைந்து ஆண்டு நிலைக்கின்றன. எழுபது வயதில் மாற்றியவர் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆகவே சிகிச்சைக்கு முன்னரே, விட்டுப்போன செயல்களில் எதை மீட்க வேண்டும் என்று பெயர் சொல்லித் தீர்மானித்தல் நலம். வெள்ளவத்தைச் சந்தைக்குத் தனியே போய்வருதலா? மாலையில் மரைன் டிரைவ் ஓரமாகக் கடற்காற்று வாங்குதலா? கொட்டாஞ்சேனையில் இருக்கும் உடன்பிறந்தாளைப் பஸ்ஸேறிப் போய்ப் பார்த்தலா? முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் தெருமுனைவரை என நடையைக் கூட்டிச் சென்றால், மூன்று மாதத்தில் பெரும்பாலும் அது கைகூடும். ஓராண்டு வரை வலு ஏறிக்கொண்டே போகும்.

வீட்டிற் செய்ய வேண்டியன சிலவே. மலசலகூடத்திற் கொமட்டும் சுவரிற் கைப்பிடிச் சட்டமும், குளியலறையில் வழுக்காத தரையும், முழங்காலுக்குத் தாழாத இருக்கையும் போதும். கோயில் தருமகர்த்தாக்கள் மண்டபத்தின் ஓரமாகச் சில மரநாற்காலிகள் இட்டால், வீட்டிலிருந்தே கும்பிடுவோர் சிலர் மீண்டும் வருவர். எமது மலர்க்குழுவினரும் விழா ஏற்பாட்டாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும்: முன்வரிசை நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருத்தல் வேண்டும், ஆழ்ந்த சோபாக்கள் வேண்டா.