தோம்பில் ஏறிய வீடுகள்

ஓவியம் பார்க்கக் கலைக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. 2004ஆம் ஆண்டு ‘அகம் புறம்’ கண்காட்சி நடந்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில். 1981இல் எரிக்கப்பட்டு, பிறகு திருத்திக் கட்டப்பட்ட அதே கட்டடம். யாழ். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் அங்கே கொண்டுவந்து வைத்தது சட்டம் போட்ட படங்களை அல்ல. குடாநாட்டு வீடுகளில் திரட்டிய சாதாரணப் பொருட்களை.

2011இல் அவருடைய இன்னொரு படைப்பு ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற பெயரில் நூலாகவே வந்தது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத்தான் தோம்பு என்பார்கள். நூலின் கட்டு கந்தோர்க் கோப்புப் போன்றது. இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரக் கேட்டார் சனாதனன். எண்பது வீடுகள் சேர்ந்தன. குசினி எந்தப் பக்கம், கிணறு எங்கே என்று நடுங்கும் கையால் இழுத்த கோடு ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞர் அளவுகோல் வைத்துக் கீறிய படம் இன்னொன்றில். அடுத்ததில் சனாதனனின் ஓவியம். என்னைக் கேட்டால், அந்த முதல் தாள்தான் மூன்றிலும் கனமானது. அளவு பிசகியிருக்கும், ஆனால் வாசல் எந்தத் திசை என்பது பிசகாது.

இந்த நூலைச் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க முடியாது. மேசையில் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். அவசரப்படாமல் புரட்டுங்கள், உங்கள் ஊர்ப் பக்கத்து வீடும் அகப்படலாம்.