'மே'யா, 'ஷல்'லா?

தெலுக் இந்தானில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எஸ்.பி.எம். கட்டுரையில் பெரிய பெரிய வார்த்தைகளைப் போட எல்லாருக்கும் ஆசை. புள்ளி குறைவது என்னவோ கேன், மே, மஸ்ட், ஷுட் என்ற குட்டிச் சொற்களில்தான்.

ஒரு மாணவி கோத்தோங் ரோயோங்குக்கு அழைப்புக் கடிதம் எழுதினாள். "சாப்பாடு கொண்டுவர வேண்டாம், நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்பது அவள் மனதில் இருந்தது. எழுதியதோ 'யூ மஸ்ட் நாட் பிரிங் ஃபூட்'. படிப்பவருக்கு அது தடை உத்தரவு! நம் 'வேண்டாம்' இரண்டுக்கும் வரும். குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் தடைக்கு மஸ்ட் நாட், தேவையில்லை என்பதற்கு டோன்ட் ஹேவ் டு. மலாயில் 'தாக் போலே', 'தாக் பாயா' என்று தினமும் பிரித்துப் பேசும் பிள்ளைகள்தானே? அதை நினைவுபடுத்தினால் பட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அமைப்பு சுலபம். இந்தச் சொற்களுக்குப் பின் வினைச்சொல் மொட்டையாக வரும். 'ஷி கேன் சிங்ஸ்', 'மஸ்ட் டு கோ', 'வில் கேன்' மூன்றும் பிழை.

பரீட்சைக்கு மட்டும்தானே இதெல்லாம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் 1963-இல் இந்தியாவில் நடந்ததைச் சொல்வேன். இந்தியோடு ஆங்கிலமும் ஆட்சிப் பணிகளில் இருக்க இந்திய அரசியலமைப்பு கொடுத்த 15 ஆண்டுத் தவணை, 1965 ஜனவரி 26-இல் முடியவிருந்தது. அதன் பிறகும் ஆங்கிலம் தொடர, நேரு அரசு ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதில் இருந்த சொல் 'மே'. தொடரலாம், அவ்வளவுதான். இந்த இடத்தில் 'மே' என்றால் 'ஷல்', அதாவது கட்டாயம் தொடரும் என்றுதான் பொருள் என்றார் நேரு. அப்படியானால் 'ஷல்' என்றே எழுதலாமே என்று கேட்டார்கள் ஆங்கிலத்துக்காக வாதாடியவர்கள். சொல் மாறவில்லை.

கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். 1964-இல் நேரு மறைந்தார். அவர் சொன்ன விளக்கம் அவரோடு போனது, சட்டத்தில் 'மே' நின்றது. இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சத்தில் 1965-இன் தொடக்கத்தில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். 1967-இல் நிறைவேறிய திருத்தத்தில்தான், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுடன் மத்திய அரசு ஆங்கிலத்தில் தொடர்புகொள்ள வேண்டும் என்பதற்கு 'ஷல்' வந்தது. அந்த மாநிலச் சட்டமன்றங்கள் அத்தனையும் தீர்மானம் போட்டால் ஒழிய இந்த ஏற்பாட்டுக்கு முடிவில்லை என்றும் எழுதினார்கள்.

ஆகவே பெற்றோர்களே, எஸ்.பி.எம். முடித்த பிள்ளை வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால், போனஸ் பற்றிய வரியை முதலில் தேடுங்கள். கம்பெனி 'ஷல் பே' என்றிருந்தால் அது கடமை. 'மே பே' என்றிருந்தால் கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.