காது கற்கும் ஆங்கிலம்!

கண்ணுகளா! கோவை என்றதும் மோட்டாரும் மெஷினும் நினைவுக்கு வரும். இந்த இரு ஆங்கிலச் சொற்களையும் ஆங்கிலேயர் எப்படிச் சொல்வர் தெரியுமா?

மோட்டாரில், "மோ' என்ற முதல் பகுதி ஓங்கி ஒலிக்கும், அடுத்த பகுதி, "டர்' என்று மெல்ல அடங்கி விடும். மெஷினில் நேர்மாறு. "மெ' மெலியும், "ஷீன்' ஓங்கும். இதற்கு, "சொல் அழுத்தம்' என்று பெயர்.

தமிழில் குறில், நெடிலாக மாறினால் பொருள் மாறும். கல் வேறு, கால் வேறு அல்லவா? ஆங்கிலத்திலோ அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் மாறக் கூடும். "ரெக்கார்டு' என்பதன் முதல் பகுதியை அழுத்தினால் பதிவேடு; இரண்டாம் பகுதியை அழுத்தினால், பதிவு செய்! எழுத்து என்னவோ ஒன்று தான்.

ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இதை எப்போது கற்கின்றனர்? பீட்டர் ஜஸ்சிக் என்ற அறிஞரும் அவரது குழுவினரும், அமெரிக்கக் குழந்தைகளுக்கு இரு வகைச் சொற்களையும் ஒலிக்கச் செய்து கவனித்தனர். ஒன்பது மாதக் குழந்தைகள், முதல் பகுதி ஓங்கும் சொற்களையே அதிக நேரம் கேட்டன. ஆங்கிலத்தில் அவ்வகைச் சொற்களே அதிகம். ஆறு மாதக் குழந்தைகளிடம் அந்த விருப்பம் இல்லை. 1993ல் வெளியான ஆய்வு இது. பேச்சு வரும் முன்பே காது பாடம் படித்து விடுகிறது, பார்த்தீர்களா!

நாமோ ஆங்கிலத்தைப் பெரும்பாலும் புத்தகத்தில் பார்த்துப் படிக்கிறோம். எழுத்தில் அழுத்தம் தெரியாதே! இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்தவர் ஆர்.கே.பன்சால். 1969ல் ஐதராபாத்தில் வெளியான தம் நூலில், புரியாமல் போக அழுத்தம் இடம் மாறுவதும் முக்கிய காரணம் என்றார்.

எனவே, நீங்கள் சரியான சொல்லைச் சொல்லியும் எதிரில் இருப்பவர் விழித்தால், "எனக்கு ஆங்கிலம் வராது' என்று குறுகி விடாதீர்கள். குறை அறிவில் இல்லை; காதுக்குப் பயிற்சி போதவில்லை, அவ்வளவு தான்.

அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். அழுத்த வேண்டிய பகுதிக்கு முன், மேலே சிறு நிமிர்ந்த கோடு இருக்கும். வானொலி ஆங்கிலச் செய்தியைக் கேளுங்கள். ஓங்கும் இடத்தில் பலமாகவும், மற்ற இடங்களில் மெதுவாகவும் கைதட்டிச் சொல்லிப் பழகுங்கள்.

எங்கே, காலேஜ், ஹோட்டல், இன்ஜினியர் மூன்றையும் தட்டிப் பாருங்களேன்!

(விடை: காலேஜ் - முதல் பகுதி, ஹோட்டல் - இரண்டாம் பகுதி, இன்ஜினியர் - மூன்றாம் பகுதி.)